"வாங்க" என்று கேட்காத பிள்ளை: செட்டிநாட்டுக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு இப்போது 43 வயது. அவனுக்கு ஆட்டிசம் என்று எங்களுக்குத் தெரிய வந்தபோது 29. அதுவரை ஊரில் அவனுக்குப் பல பெயர்கள் இருந்தன. திமிர் பிடித்தவன், ஒரு மாதிரி, பாவம், கிறுக்கு. எல்லாம் அவன் காதுபடவே சொன்னவை. அவனுக்கு எதுவும் புரியாது என்று நினைத்தார்கள். எல்லாமே அவனுக்குப் புரிந்தது.

காரைக்குடியில் ஒரு வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், மாதம் ஒருமுறை சில பெற்றோர் கூடிப் பேசுகிறோம். தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மட்டுமில்லை, எல்லாரும்தான் வருகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, ஓர் அக்கா. எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். படித்துத் தெரிந்துகொண்டதும் உண்டு, பட்டுத் தெரிந்துகொண்டதும் உண்டு.

நியூரோடைவர்ஜென்ட் என்றால் என்ன, ஆச்சி? வாயிலேயே நுழையவில்லையே.

மூளை வேலை செய்யும் விதம் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்காது. பெரும்பாலோருக்கு இருப்பதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்ட விதத்தில் மூளை அமைந்தவர்களை இந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். மற்றவர்களோடு பழகும் விதத்திலும் ஒலி, ஒளி போன்றவற்றை உணரும் விதத்திலும் வேறுபாடு உள்ள ஆட்டிசம், கவனத்தை நினைத்த இடத்தில் நிறுத்துவதில் சிரமம் தரும் ஏடிஎச்டி, எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா, கை கால் அசைவை ஒழுங்குபடுத்துவதில் சிரமம் தரும் டிஸ்ப்ராக்ஸியா, தன்னை மீறி உடல் துடிக்கிற அல்லது சத்தம் எழுகிற டூரெட் ஆகியவை இதற்குள் வரும். 1990-களின் கடைசியில் பரவத் தொடங்கிய 'நியூரோடைவர்சிட்டி' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களே. தங்களைப் பற்றிப் பேச மருத்துவர்கள் கொடுத்த சொற்கள் அவர்களுக்குப் போதவில்லை.

தமிழில் 'நரம்பியல் பன்மை' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். அரசு விண்ணப்பங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஒரு சொல் இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். தெருமுனையில் பஸ் திரும்பும்போது, கண்ணால் பார்க்காமலே, இன்ஜின் சத்தத்தை வைத்து அது எந்த வண்டி என்று சொல்லுவான் என் தம்பி. அவனுக்குப் புற உலகம் குறைவாக வரவில்லை. நம்மைவிட அதிகமாக, வடிகட்டாமல் வருகிறது.

இது நோயா? மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடுமா?

இல்லை. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து, லேகியம், ஊசி, உணவுமுறை எதுவுமே இல்லை. இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். நாங்கள் போனோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. இரண்டு வருடத்தில் ஆத்தாவின், அதாவது எங்கள் அம்மாவின், வைரக் கம்மல் போனது, தம்பியின் வயிறும் கெட்டது.

ஆனால் கூடவே வருகிற வலிப்பு, தூக்கமின்மை, மனப்பதற்றம் போன்றவற்றுக்கு மருத்துவம் உண்டு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. பேச்சுப் பயிற்சியும் தொழில்முறைச் சிகிச்சை என்று சொல்லும் ஆக்குபேஷனல் தெரபியும் அன்றாட வாழ்க்கையை எளிதாக்கும். பிள்ளையை வேறு பிள்ளையாக மாற்றுவதற்காக இல்லை, இந்தப் பிள்ளை நன்றாக வாழ்வதற்காக.

எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லையே? இப்போதுதான் வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள்.

இருந்தது. பெயர்தான் இல்லை. ஆட்டிசம் பற்றி மருத்துவ உலகில் லியோ கானர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் விரிவாக எழுதியதே 1943-ல்தான். மிக அதிகத் தேவை உள்ள பிள்ளைகளைத்தான் வெகுகாலம் அந்தப் பெயருக்குள் சேர்த்தார்கள். 2013-க்குப் பிறகு, முன்பு ஆஸ்பெர்ஜர் என்று தனியாகச் சொன்னதும் இதே குடைக்குள் வந்துவிட்டது. எண்ணிக்கை கூடியதாகத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு நிலவரமாகச் சொல்லும் கணக்கு, 127 பேரில் ஒருவர்.

எங்கள் ஐயாவுக்கு ஒரு தம்பி இருந்தார். வெளியாட்களோடு பேச மாட்டார். ஊரில் 'சாமியார்' என்பார்கள். ஆனால் வீட்டில் இருந்த அத்தனை சாமானும் அவருக்கு மனப்பாடம். எந்த அண்டா எந்த அறையில், எந்தச் சட்டியில் யார் விலாசம் வெட்டியிருக்கிறது, எதற்குக் காது ஒடிந்திருக்கிறது எல்லாம் தெரியும். விசேஷம் முடிந்து பாத்திரம் உள்ளே போகும்போது அவர்தான் எண்ணுவார். ஒரு கரண்டி குறைந்தாலும் அன்று இரவு அவர் தூங்க மாட்டார், வீட்டில் யாரையும் தூங்கவும் விடமாட்டார். கூட்டுக்குடும்பத்தில் அவருக்கு ஒரு இடம் இருந்தது.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அதே தெருவில் இன்னொரு வீட்டில் ஒரு பெண்ணை மாடி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். விசேஷத்துக்கு வருகிறவர்கள் யாரும் மேலே போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு அங்கே பேய் இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. சத்தம் மட்டும் கேட்டிருக்கிறேன்.

யார் செய்த தப்பு? வளர்ப்பா, தடுப்பூசியா, செல்போனா, சொந்தத்தில் கட்டியதா?

வளர்ப்பு இல்லை. அன்பு காட்டாத தாயால் ஆட்டிசம் வரும் என்று ஒரு காலத்தில் வெளிநாட்டில் பெரிய டாக்டர்களே எழுதினார்கள். பிறகு அது தவறென்று தெளிவாகிவிட்டது. நம் ஊரில் அந்தப் பழி இன்னும் தாய்மார் தலையில்தான் விழுகிறது.

தடுப்பூசியும் இல்லை. தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக 1998-ல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பிறகு லட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்தும் தொடர்பு காணப்படவில்லை. பயந்து ஊசி போடாமல் விட்டுவிடாதீர்கள்.

செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்காது. ஆனால் பேசத் தாமதமாகும் பிள்ளை ஒரு நாளில் பாதியைப் போனோடு கழித்தால், நம் முகத்தைப் பார்த்துப் பேச்சுப் பழகும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. குறைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தத்தில் கட்டுவது பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும்போது சில பரம்பரை நோய்கள் வர வாய்ப்பு கூடுகிறது, அவற்றில் சில அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும். ஆனால் ஆட்டிசமும் ஏடிஎச்டியும் அந்நியத்தில் கட்டியவர்கள் வீட்டிலும் உண்டு. ஒரு மரபணுவைக் கைகாட்டிவிட முடியாது, நூற்றுக்கணக்கானவை சேர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே உங்கள் பிள்ளைக்கு இதனால்தான் என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வதில் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பையனுக்கு இரண்டரை வயது, பேசவில்லை. "அவுக அப்பச்சியும் (அப்பாவும்) நாலு வயசுலதான் பேசினாக, பொறு" என்கிறார் அப்பத்தா. பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள். அப்பத்தா சொல்வது பொய்யாக இருக்காது, சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும். ஆனால் உங்கள் பையன் அந்தச் சிலரில் ஒருவனா என்று காத்திருந்து தெரிந்துகொள்வதில் ஒன்றரை வருடம் போய்விடும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொற்கள் நின்றுபோயின என்றால் உடனே காட்டுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதனை. பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். அங்கே கட்டணம் இல்லை. சென்னை போக முடிந்தவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் சந்தோஷமாகத் திரும்பி வந்து அப்பத்தாவிடம் சொல்லுங்கள்.

கலியாண வீட்டுக்குக் கூட்டிப்போனால் கத்துகிறான், தலையை முட்டிக்கொள்கிறான். நாலு பேர் முன்னால் மானம் போகிறது. அடித்தால் அடங்குவானா?

என் கலியாணத்தைச் சொல்கிறேன். வீட்டில்தான் நடந்தது. தம்பிக்கு அப்போது 16. திருப்பூட்டும், அதாவது தாலி கட்டும், நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியது. வளவில் ஐந்நூறு பேர். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இரண்டாங்கட்டுக்கு ஓடினான். அங்கே கல்தூணில் நெற்றியை மோத ஆரம்பித்தான். முறைக்கு அம்மான், அதாவது மாமன், ஆகிற ஒருவர் போய் அவன் கன்னத்தில் இரண்டு அறை விட்டார். அறைந்த சத்தம் கேட்கவில்லை, மேளம் அவ்வளவு பெரிது. நான் மணையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து போக முடியவில்லை. கழுத்தில் தாலியோடு அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கலியாணப் படங்களில் பலவற்றில் நான் மாப்பிள்ளையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அது அடம் இல்லை. அடம் பிடிக்கும் பிள்ளைக்கு ஏதோ ஒன்று வேண்டும். அது கிடைத்தால் நிறுத்தும், நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். இது வேறு. ஆங்கிலத்தில் மெல்ட்டவுன் என்கிறார்கள். ஒளி, ஒலி, வாசனை, கூட்டம், பட்டுச்சட்டையின் உறுத்தல் எல்லாம் சேர்ந்து உள்ளே ஏறிக்கொண்டே வந்து, தாங்கும் எல்லையைத் தாண்டி உடைகிற நேரம் அது. அந்த நேரத்தில் அவனால் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. அடித்தால் வலியும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

இதில் நம் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடு வெயிலுக்குக் குளிர்ச்சி, ஆனால் சத்தத்துக்குக் கொடுமை. வழவழவென்ற சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை. சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூட இருக்காது. எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பி வரும். வெட்டவெளியில் வாசிக்கும் தவிலைவிட வளவுக்குள் வாசிக்கும் தவில் பல மடங்கு பெரிதாகக் கேட்கும். நமக்கே காது அடைக்கும், அவனுக்கு எப்படி இருக்கும்?

போன வருடம் என் மகள் கலியாணம். அதே வீடு. இந்த முறை ஒரு வாரம் முன்பிருந்தே அவனிடம் நாள்வாரியாக என்ன நடக்கும் என்று எழுதிக் கொடுத்தோம். மேளக்காரரை முகப்பில் உட்கார வைத்தோம். "ஆச்சி, எப்பவும் உள்ளதானே" என்றார், காரணம் சொன்னதும் சரி என்றார். மெஷின் ஓட்டுகிறவர்கள் மாட்டும் காதடைப்பான் ஒன்று வாங்கினோம். பின்கட்டில் ஓர் அறையைப் பூட்டி, சாவியை அவனிடமே கொடுத்தோம். பட்டு வேண்டாம், துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பருத்திச் சட்டை. திருப்பூட்டும் நேரத்தில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான், காதில் அந்த மஞ்சள் வில்லைகளோடு. இறங்கி வரவில்லை. முழுசாகப் பார்த்தான்.

உடைந்துவிட்ட நேரத்தில் என்ன செய்வது என்றால், பேச்சைக் குறையுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள். தலையில் அடிபடாமல் இடையில் ஒரு தலையணையோ கையோ வையுங்கள். அமைதியான இடம் பக்கத்தில் இருந்தால் அழைத்துப் போங்கள். முடிந்தபின் பிள்ளை மிகவும் சோர்ந்திருக்கும், அப்போது புத்தி சொல்லாதீர்கள்.

முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டில் இலை போட்டால் எதையும் தொடமாட்டேன் என்கிறாள். கொழுப்புத்தானே?

கொழுப்பு இல்லை. வாயில் படும் விதம், வாசனை, ஒன்றோடொன்று கலப்பது எல்லாம் சிலருக்குத் தாங்க முடியாத தொந்தரவு. என் தம்பி வெள்ளைப் பணியாரம் சாப்பிடுவான், அதில் ஒரு புள்ளி பழுப்பு இருந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவான். எனக்கும் முதலில் கோபம் வரும். பிறகு ஒரு நாள் உற்றுப் பார்த்தேன். அந்தப் புள்ளி மொறுமொறுப்பாக இருக்கிறது. மெத்தென்று போய்க்கொண்டிருக்கும்போது பல்லில் திடீரென்று கல் கடிபட்ட மாதிரி அவனுக்கு.

கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். இலையில் எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு "சாப்பிடு" என்பதைவிட, அவள் சாப்பிடும் இரண்டை மட்டும் வையுங்கள். எடை குறைகிறது, உணவு வகை சுருங்கிக்கொண்டே போகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வந்தவர்களை "வாங்க" என்று கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாக "வாங்க" சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் "அவுக வாங்கன்னு கேக்கலை" என்று பத்து வருடம் பேசுவார்கள்.

ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒருவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்வதைக் கேட்பது கஷ்டம். கண்ணைப் பார்த்தால் காது கேட்காது, காதைக் கொடுத்தால் கண்ணைத் தாழ்த்த வேண்டும். மரியாதைக் குறைவு என்று நாம் படிப்பது அவர்கள் கவனமாகக் கேட்பதன் அடையாளமாகக்கூட இருக்கலாம். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கருத்தை எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனசு புரியவில்லை என்று மட்டுமே சொல்கிறோமே, மற்றவர்களுக்கும் அவர் மனசு புரியவில்லையே, இரண்டு பக்கமும்தானே இந்தச் சிக்கல் என்று கேட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்த கேள்வி.

என் தம்பி இன்றுவரை யாரையும் "வாங்க" என்று கேட்டதில்லை. ஆனால் ஒன்று செய்வான். யாராவது வந்து பட்டாலையில் உட்கார்ந்ததும், உள்ளே போய் ஒரு சில்வர் செம்பில் தண்ணீர் மொண்டு, விளிம்பில் சிந்தியதைக் கையால் துடைத்து, வந்தவர் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவான். நாங்களே வெகுகாலம் இதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் கொடுக்கிறான் என்றுதான் நினைத்தோம்.

வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. "எங்க பையனுக்கு ஆட்டிசம், பேசமாட்டான், ஆனா நீங்க வந்தது அவனுக்குச் சந்தோஷம்." போதும்.

எட்டாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள், எழுதச் சொன்னால் ஒன்றும் வரவில்லை. படிப்பில் அக்கறை இல்லை என்கிறார்கள்.

டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமிழ் உச்சரிப்பதுபோலவே எழுதும் மொழிதானே என்பார்கள். ஆனால் 247 எழுத்தில் ந, ன, ண என்றும் ல, ள, ழ என்றும் பிரிப்பதைப் பாருங்கள். சுழியும் கொம்பும் கொஞ்சம் மாறினால் வேறு எழுத்து. 'கௌ' என்று எழுதியதைக் 'கெள' என்று படித்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? அதேபோல 'க' என்ற ஒரே எழுத்தைக் கடலில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் அகலத்தில் ஒரு மாதிரியும் படிக்கிறோம். எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில் சிரமம் உள்ள மூளைக்கு இது மலை ஏறுவதுபோல.

கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்டுப் பெறலாம். தேர்வு நெருங்கும்போது ஓடாதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

ஏடிஎச்டி என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த பெயர்தானே?

இல்லை. கவனமே இல்லாத நிலை என்றுகூடச் சொல்ல முடியாது, கவனத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாத நிலை. பிடித்த வேலையில் ஆறு மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் உட்காருவார்கள், கரண்ட் பில் கட்ட மூன்று மாதம் மறப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் 'வேணும்னே பண்ணுகிறான்' என்று தோன்றும். உள்ளே இருப்பவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பார். இதற்கு மருந்து உண்டு. மீத்தைல்ஃபெனிடேட் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. மனநல மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், பசியும் தூக்கமும் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். முன்பு சொன்ன சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், சான்றிதழுக்கு அலையும்போது ஏமாற்றம் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கும் வருமா?

வரும். கண்டுபிடிக்கப்படுவதுதான் குறைவு. மற்ற பெண்களைப் பார்த்து அப்படியே நடித்துப் பழகிக்கொள்வார்கள். எப்போது சிரிக்க வேண்டும், எப்போது தலையாட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். நம் ஊரில் 'அடக்கமான பொண்ணு' என்று பெயரும் வாங்கிவிடுவார்கள். விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் இரண்டு நாள் படுத்திருப்பதை யார் பார்க்கிறார்கள்? கூட்டத்துக்குப் பிள்ளையை அழைத்து வந்த இரண்டு தாய்மார், பிள்ளைக்காகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதே "ஆச்சி, நீங்க சொல்றது எனக்கும் பொருந்துதே" என்று அழுதிருக்கிறார்கள்.

ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவானா?

ஆகாது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு பெண் பார்த்து, பேச்சு முடிக்கும் அளவுக்குப் போனோம். ஏழைக் குடும்பம், நாலு பெண்கள். அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடைசியில் என் ஆத்தாதான் நிறுத்தினார். "அந்தப் பிள்ளையோட ஆத்தாவும் என்னைய மாதிரி ஒருத்திதானே" என்றார்.

ஆட்டிசம் உள்ளவர்களும் ஏடிஎச்டி உள்ளவர்களும் கலியாணம் செய்துகொண்டு நன்றாக வாழ்கிறார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். அவருக்கு விருப்பம் இருக்க வேண்டும், கலியாணம் என்றால் என்ன என்று புரிந்திருக்க வேண்டும், வருகிற பெண்ணுக்கோ பையனுக்கோ எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம்.

நகரத்தாரில் கலியாணம் ஆனால்தான் ஒருவன் கோயிலில் புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். ஆகாதவன் கணக்கில் வரமாட்டான். என் தம்பி 43 வயதிலும் புள்ளி ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. அப்பச்சிக்கு அது கடைசிவரை தீராத குறை. எனக்கும் அந்தக் கணக்கில் வருத்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எங்கள் பங்காளிகளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். படைப்பில் ஆண்கள் பந்தியில் அவனுக்கென்று ஓர் இலை, கூட்டம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால். ஒப்புக்கொண்டார்கள். இப்போது அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்ற இலை விழுகிறது.

கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாமா? மந்திரித்துக் கயிறு கட்டலாமா?

தாராளமாக நேர்ந்துகொள்ளுங்கள். எனக்கும் குன்றக்குடி முருகன் இல்லாமல் ஆகாது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு தம்பி இரண்டு முறை பழனிக்கு நடந்திருக்கிறான். ஒரே திசை, ஒரே வேகம், யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அவனுக்கு அதைவிட ஏற்ற யாத்திரை வேறு கிடையாது. கோயிலில் கூட்ட நாளில் போகாமல் விடியற்காலையில் நடை திறந்ததும் போங்கள்.

ஆனால் கட்டிப்போடுவது, அடிப்பது, சூடு வைப்பது, பட்டினி போடுவது எந்தச் சாமியின் பெயரிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் பக்கத்து மாவட்டத்தில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். தப்பி ஓட முடியவில்லை. அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் யாரோ கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

வேலைக்குப் போக முடியுமா?

சிலரால் முடியும், சிலரால் முடியாது. முடியாதவர்களுக்கும் மதிப்புக் குறைவில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறையில் அதிகம் பேசாத ஓர் இளைஞர் இருக்கிறார். கண்ணாடித் தட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கரைத்த வண்ண சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவது அவர் வேலை. சிவப்பு மஞ்சளோடு சேராமல் அச்சை நேராகத் தூக்க வேண்டும். அதன்மேல் மணலும் சிமெண்டும் கொட்டுவதை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். முதலாளி செய்த ஏற்பாடு இரண்டுதான். வேலைக்கு நடுவில் இடம் மாற்றுவதில்லை. ரேடியோ இல்லை.

சான்றிதழ், அரசு உதவி?

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. 18 வயது முடிந்தபின் வங்கி, சொத்து விஷயங்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். முதல் படியாக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

எங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

கூட்டத்தில் எல்லாரும் எழுந்த பிறகு, செருப்பைப் போட்டுக்கொண்டே, மெதுவாகக் கேட்பார்கள் இதை. முழுப் பதில் என்னிடம் இல்லை. உயில் எழுதுங்கள், பாதுகாவலர் ஏற்பாடு செய்யுங்கள், உடன்பிறந்தவர்களிடம் கட்டாயப்படுத்தாமல் வெளிப்படையாகப் பேசுங்கள். "நீதான் பார்க்கணும்" என்று என்னிடம் 12 வயதில் சொன்னார்கள், வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அது நியாயம் இல்லை. பாரத்தை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். தெருக் கடைக்காரர், மருந்துக்கடைப் பையன், முடி வெட்டுகிறவர் எல்லாருக்கும் உங்கள் பிள்ளையைத் தெரிய வேண்டும். வீட்டுக்குள் ஒளித்து வைத்த பிள்ளையை நாளைக்கு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, ஒரு நோட்டு போடுங்கள். நான் போட்டிருக்கிறேன், நாற்பது பக்கம். சட்டைக் காலரில் உள்ள லேபிளை வெட்டிவிட வேண்டும். பல்வலி என்றால் சொல்லமாட்டான், வலது காதைத் தேய்ப்பான். மழை இடிக்கு முன்பே காதடைப்பானை எடுத்து வைக்க வேண்டும். முடி வெட்டுவது செவ்வாய் தவிர எந்த நாளும், கத்தரிக்கோலால் மட்டும், மெஷின் கூடாது. கோபமாக இருந்தால் ஆத்தங்குடித் தரையில் கன்னத்தை வைத்துப் படுப்பான், எழுப்ப வேண்டாம், அவனே எழுந்து வருவான்.

போன வாரம் மகளிடம் அந்த நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் அவளே ஒரு குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தாள்: "அம்மான் செம்பில் தண்ணி கொண்டாந்து வச்சா அதுதான் 'வாங்க'. தாகம் இல்லாட்டியும் ஒரு மடக்குக் குடிக்கணும்."